இஞ்சினையும் எழுதுவீர்களா என்று கேட்டவர்

மூன்று வருஷங்களுக்கு முன், கார்த்திகை மாதக் கடைசியில், யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தில் நடந்தது இது. ஊரின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். சொன்னால் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர்கள் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் ஒரு பிரதேச சபையில் வரி அறவிடும் உத்தியோகத்தர். உரும்பிராயிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய்வருவேன். வீடு வளவு வைத்திருப்பவர்கள் சபைக்கு வருஷாவருஷம் கட்ட வேண்டிய சோலைவரியைச் சேர்ப்பதுதான் என் வேலை. கட்டாமல் விட்டால் முதலில் நினைவூட்டல் கடிதம் போகும். அதற்கும் அசையாவிட்டால் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவித்தல். அதைக் கையில் கொடுத்து, வீட்டிலுள்ள சாமான்களைப் பட்டியல் எழுதி, ஏழு நாளுக்குள் காசு வராவிட்டால் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஏலத்தில் விடலாம். உண்மையில் ஏலம் வரைக்கும் போவது மிக அபூர்வம். அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டதுமே பெரும்பாலானவர்கள் எங்கேயாவது புரட்டிக்கொண்டு வந்து கட்டிவிடுவார்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்கள் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், நிலுவையை மாதாமாதம் தவணையில் கட்டலாம். அந்தப் படிவத்தில் ஒரு கட்டு எப்போதும் என் பைக்குள் கிடக்கும். ஆனால் அந்த மாதம் முழுக்க அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

ஏன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வருஷம் முடிவதற்குள் பழைய நிலுவைகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று எங்கள் சபைக் கந்தோரில் பெரிய நெருக்குதல். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூட்டம் வைத்து, யார் எவ்வளவு சேர்த்தார் என்று எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார்கள். என் பெயர் எப்போதும் கடைசியில் வரும். எனக்கு அப்போது நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. தவணை என்று வாய் திறந்தால் சனம் முதல் மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்டு மறைந்துவிடும் என்பது என் அனுபவம். "ஏழு நாளிலே வாகனத்தோடு வருவோம்" என்று சொன்னால், அடுத்த நாளே காப்பு அடகுக்குப் போய் முழுக் காசும் வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த பிறகு இரண்டு கிழமைக்குள் என் பெயர் பட்டியலின் மேல் பக்கம் ஏறியது. அதை நான் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடற்கரை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் மணல் ஒழுங்கையில் கடைசி வீடு. ஓடு போட்ட இரண்டு அறை வீடு, பின்னால் தகரக் கொட்டில். எட்டு வருஷ நிலுவை. அபராதம், அறிவித்தல் செலவு எல்லாம் கூட்டி பதினாலாயிரத்துச் சொச்சம்.

வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். சாரம் மட்டும் கட்டிக்கொண்டு முற்றத்தில் அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து துடைத்து வைத்தார். நான் இருக்கவில்லை. நின்றபடியே அறிவித்தலை நீட்டினேன். வாசித்து முடிக்க அவருக்கு நேரம் எடுத்தது. போன வருஷம் இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போனதையும், புது வலைக்குக் கடற்றொழிலாளர் சங்கத்தில் கடன் எடுத்ததையும் சொல்லத் தொடங்கினார். அப்படியான கதைகளை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கிறவள் நான். பாதியிலேயே நிறுத்தினேன்.

"ஐயா, எனக்கு உதெல்லாம் சொல்லி வேலையில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து வீட்டிலை என்னென்ன சாமான் இருக்குதெண்டு எழுதுவன். ஏழு நாளிலை கட்டாட்டில் ஏத்துவம்" என்றேன்.

அவர் வீட்டுக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்னாலிருந்த தகரக் கொட்டிலைப் பார்த்தார். அங்கே ஒரு மரச் சட்டத்தில் படகு இஞ்சின் கொழுவியிருந்தது. சாக்கால் மூடியிருந்தாலும் நீல நிறம் தெரிந்தது.

"இஞ்சினையும் எழுதுவியளோ, பிள்ளை?"

தொழில் செய்யும் கருவிகளை எழுதுவதா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியில் அவர் பயந்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. பயந்தால் காசு வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

"பெறுமதியான சாமான் எல்லாம் எழுதத்தான் வேணும்" என்றேன்.

அவர் அறிவித்தலை நாலாக மடித்துச் சாரத்து மடிக்குள் செருகினார். படலை வரைக்கும் என் பின்னால் வந்து, ஸ்கூட்டரைத் திருப்ப மணலில் கஷ்டப்பட்டபோது பின்னால் பிடித்துத் தள்ளியும் விட்டார்.

அன்று பின்னேரமே வாடைக் காற்று பெலத்துவிட்டது. இரவுச் செய்தியில், வடக்குக் கடலில் காற்றும் அலையும் கடுமையாக இருக்கும், மறு அறிவித்தல் வரும் வரை ஒருவரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த நாள் சொன்ன நேரத்துக்கே போனேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. கடற்கரை வீதியில் காற்று ஸ்கூட்டரை ஒரு பக்கமாகத் தள்ளியது. மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக அந்த வீட்டுப் படலையைத் திறந்தால், முற்றத்தில் ஒருவரும் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தகரக் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். மரச் சட்டம் வெறுமையாக நின்றது. இஞ்சின் இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நான் எழுத வருவேன் என்று தெரிந்து இஞ்சினைக் கொண்டுபோய் எங்கேயோ ஒளித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கதிரை துடைத்து வைத்ததும், ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டதும் எல்லாம் நடிப்பு என்று பட்டது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பிடிக்காமல் விடுவதில்லை என்று, ஸ்கூட்டரைத் திரும்பக் கொண்டுபோய்க் கடற்கரை வீதியில் நிறுத்திவிட்டுக் கரைக்கு நடந்தேன்.

கரையில் படகுகள் எல்லாவற்றையும் வழக்கத்தைவிட மேலே, தாழை மரங்கள் வரைக்கும் இழுத்து வைத்திருந்தார்கள். கடல் சாம்பல் நிறமாக இருந்தது. அலை அடித்து நுரை காற்றில் பறந்து முகத்தில் ஒட்டியது. வலை வைக்கிற ஓலைக் கொட்டில் ஒன்றில் ஏழெட்டுப் பேர் ஒதுங்கி நின்றார்கள். கையில் தொலைபேசியோடு நின்ற ஒருவரிடம் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். அவர் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளர் என்று பிறகு தெரிந்தது.

"அவர் தொழிலுக்குப் போட்டார், தங்கச்சி. விடியப்புறம் மூண்டரைக்குப் படகு இறக்கினவர்."

"இந்தக் காத்துக்கையோ?"

"நாங்கள் ரெண்டு பேர் மறிச்சனாங்கள். கேக்கேல்லை. ஒருத்தரும் போகாத நாளிலைதான் மீனுக்கு விலை, ஒருக்காப் பிடிக்கிற மீனோடை காசைக் கட்டிப்போடுவன் எண்டு சொல்லிப்போட்டு இறங்கிட்டார். நேற்று ஆரோ கந்தோரிலை இருந்து வந்து இஞ்சினைத் தூக்குவம் எண்டு வெருட்டினவையாம். எட்டு மணிக்குள்ளை வந்திருக்கோணும். இப்ப பத்தரை."

கந்தோரிலிருந்து வந்த 'ஆரோ' நான்தான் என்று அவருக்குத் தெரியாது. ஹெல்மெட்டை நான் கழற்றவில்லை. கழற்றக் கை வரவில்லை.

உண்மையைச் சொல்வதென்றால், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த பயம் அந்த மனுஷனைப் பற்றியது அல்ல. அறிவித்தலின் கீழே என் கையெழுத்தும் பதவி முத்திரையும் இருக்கின்றன. அவர் அதை மடிக்குள் செருகியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த மடியோடேயே கடலுக்குப் போயிருந்தால்? நாளைக்கு எங்கேயாவது கரையொதுங்கினால், முதலில் அந்தக் கடதாசியைத்தான் எடுப்பார்கள். விசாரணை வரும். வேலை போகும். பேப்பரில் வரும். இப்படித்தான் ஓடியது என் புத்தி. ஒரு நிமிஷமென்றாலும் இப்படி நினைத்தேன் என்பதை இதுவரை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று ஸ்கூட்டர் வரைக்கும் நடந்தேன். சாவியையும் போட்டேன். ஆனால் அதை முறுக்க முடியவில்லை. மறுபடி கரைக்கு வந்து கொட்டிலுக்குள் போகாமல் ஒரு பக்கமாக மழைக்குள் நின்றேன். அலைகளுக்கு இடையில் ஏதாவது கறுப்பாகத் தெரிந்தால் இரண்டு அடி முன்னால் போவேன். பார்த்தால் அலையின் நிழலாக இருக்கும்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, உதிலை நிண்டு நனையாதை. இஞ்சாலை வா."

மேலே இழுத்து வைத்திருந்த ஒரு படகின் பக்கத்தில் தறப்பாளைச் சரித்துக் கட்டி, அதற்குக் கீழே ஒரு பெண் இருந்தார். கையில் செபமாலை. நரைத்த தலையை முந்தானையால் மூடியிருந்தார். அவர்தான் அந்த வீட்டுக்காரரின் மனைவி என்று கொட்டிலில் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார். முதல் நாள் நான் வீட்டில் அவரைக் காணவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் மறுபடியும் கையைக் காட்டினார். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

அயல்வீட்டுப் பெண் ஒருத்தி போத்தலில் கொண்டுவந்து கொடுத்த பிளேன் ரீயை மூடியில் ஊற்றி எனக்கு நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். "குடி, உன்ரை பல்லுக் கிடுகிடுக்குது" என்றார். மூடியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் யார், ஏன் அங்கே நிற்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. இடையிடையே செபத்தை நிறுத்தி, "அது பழைய இஞ்சின், ஈரம் பட்டால் நிண்டு போகும்" என்றார். பிறகு, "ராத்திரி ஒழுங்காச் சாப்பிடவும் இல்லை" என்றார். எனக்குச் சொன்னாரா, கடலுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

சங்கத்துச் செயலாளர் கடற்படைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தார். மேற்கிலும் கிழக்கிலும் உள்ள கரைகளுக்கும் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரமும் அவர் கதைத்து முடித்துத் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போடும்போது, எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார்.

பன்னிரண்டரை இருக்கும். கிழக்குப் பக்கமாகக் கரையோரம் பார்த்துக்கொண்டு போன இருவர் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வெள்ளைக் கான், படகு இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோவது. கழுத்தில் ஒரு முழம் நைலோன் கயிறு. கயிறு அறுந்திருந்தது. அவர்கள் அதை நேரே அந்த அம்மாவிடம் கொண்டுவரவில்லை. கொட்டிலுக்குப் பின்பக்கம் வைத்துத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். அவர் கண்டுவிட்டார். எழும்பி நடந்து போய்க் கானைத் திருப்பிப் பார்த்தார். அடியில் சிவப்புப் பெயின்ரில் ஒரு சிலுவை போட்டிருந்தது.

"எங்கடைதான்" என்றார்.

அழவில்லை. கானைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி இருந்தார். அவருடைய முழங்கால் மட்டும் நடுங்கியது. அதை அவர் கையால் அழுத்திப் பிடித்தும் அது நிற்கவில்லை.

அதற்கு மேல் எனக்குத் தாங்க முடியவில்லை. விசாரணை, வேலை, பேப்பர் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த நடுங்குகிற முழங்கால்தான் கண்ணுக்குள் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"அம்மா, நேற்று வந்து வெருட்டினது நான்தான்."

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "தெரியும். யன்னலுக்குள்ளாலை பாத்தனான். அந்த ஸ்கூட்டரைக் கண்டவுடனையே தெரியும்."

"பேந்து ஏன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"நீயும் கடலைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனீ."

பிறகு முதல் தடவையாக என் முகத்துக்கு நேரே திரும்பினார். "அவர் வரட்டும். வராட்டில், பேந்து உன்னோடை கதைக்கிறன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. ரீ குடி என்று சொன்ன அதே குரல்தான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பயப்படுத்தியதில்லை. எழும்பி ஓடவும் முடியாது, இருக்கவும் முடியாது. அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். எனக்குத் தெரிந்த செபம் எதுவும் இல்லை. நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். பிறகு அந்தக் கடற்கரையில் இருந்த மாதா கோயிலைப் பார்த்தும் கும்பிட்டேன். யார் கேட்டாலும் சரி என்றிருந்தது.

இரண்டே கால் மணிக்குச் செயலாளரின் தொலைபேசி அடித்தது. இந்தத் தரம் அவர் கதைக்கும்போதே கொட்டிலை விட்டு வெளியே வந்துவிட்டார். "ஆள் நிக்கிறாரோ? ஆளோடை கதைச்சனியளோ?" என்று மூன்று தரம் கத்திக் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் ஓடிவந்தார்.

மேற்கே நாலைந்து ஊர் தள்ளி ஒரு கரையில் ஏறியிருக்கிறார். இஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. அலையொன்று படகுக்கு மேலால் வந்து கானையும் பாதி வலையையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்ச வலையைப் பின்னால் இழுபட விட்டு, படகு புரளாமல் துடுப்பால் சமாளித்துக்கொண்டு காற்றோடேயே போயிருக்கிறார். கரையில் முருகைக்கல்லில் அடித்துப் படகின் அடி வெடித்துவிட்டது. ஆளுக்குத் தோளில் அடி. அவருடைய தொலைபேசி நனைந்துவிட்டதால், அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் சங்கத்து இலக்கத்தைத் தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கொட்டிலில் நின்றவர்கள் ஒரே சத்தம் போட்டார்கள். அந்த அம்மா செபமாலையை முத்தமிட்டு முந்தானையில் முடிந்தார். முடிச்சைப் போட்டு முடிப்பதற்குள் புருஷனைத் திட்டத் தொடங்கிவிட்டார். "அறுவான், நான் சொல்லச் சொல்லக் கேக்காமல்... வரட்டும், வரட்டும்" என்று திட்டிக்கொண்டே அழுதார். நான் எழும்பி ஹெல்மெட்டை எடுத்தேன்.

முச்சக்கர வண்டி பிடிக்க ஒருவர் ஓடினார். வண்டி வருவதற்கு முன் நான், "அம்மா, என்ரை ஸ்கூட்டரிலை ஏறுங்கோ" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு ஏறினார். அரை மணித்தியாலம் மழைக்குள் ஓடினோம். அவர் என் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் எனக்குப் பயம் விடவில்லை. செயலாளர் பிழையாகக் கேட்டிருந்தால்? வேறு யாராவது ஓர் ஆளாக இருந்தால்? அவருக்கும் அதே நினைப்புத்தான் போல. பாதி வழியில் காதுக்குள், "வடிவாக் கேட்டவரோ, என்ன?" என்றார்.

அங்கே போனபோது அவர் ஒரு சின்னப் பலசரக்குக் கடையின் வாசல்படியில் இருந்தார். யாரோ கொடுத்த சாரமும் போர்வையும். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இடது தோளைத் துணியால் கட்டியிருந்தார்கள். மனைவி இறங்கி ஓடிப்போய் அவர் தலையில் ஓங்கி ஒரு குட்டுக் குட்டினார். பிறகு அதே இடத்தைத் தடவினார்.

நான் தள்ளியே நின்றேன். அவர் மனைவியின் தோளுக்கு மேலால் என்னைக் கண்டார். கண்டதும் எழும்பப் பார்த்தார். எழும்ப முடியவில்லை. இருந்தபடியே என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, இஞ்சினுக்கு ஒண்டும் இல்லை. உப்புத் தண்ணி போனதுதான், நல்ல தண்ணியிலை கழுவினால் சரி. அந்தா, அங்கை வைச்சிருக்கு. எழுதுறதெண்டால் எழுதுங்கோ."

நான் எழுதத்தான் அவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார். சாவிலிருந்து ஏறி வந்தவர், முதலில் எனக்குக் கணக்குச் சொல்கிறார். அந்த இடத்தில் பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன்.

பைக்குள் கையை விட்டு அந்தத் தவணைப் படிவத்தை எடுத்தேன். ஓரமெல்லாம் நனைந்திருந்தது. "ஐயா, இஞ்சினை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். முழுக் காசும் ஒண்டாக் கட்டத் தேவையில்லை. இதிலை எழுதித் தந்தால் மாசம் மாசம் உங்களாலை ஏலுமான காசு கட்டலாம்" என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கேட்டார்: "உது நேற்றும் உந்தப் பைக்குள்ளைதானோ கிடந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் கந்தோரில் தந்தார்கள் என்று சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"ஓம், அம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. புருஷனின் கையிலிருந்த படிவத்தை வாங்கி, ஈரம் போக முந்தானையால் ஒற்றி எடுத்து, மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரரிடம் சுடுதண்ணீர் கேட்டுப் போனார். அதற்குப் பிறகு அன்றைக்கு என்னோடு அவர் கதைக்கவே இல்லை. திரும்பி வர முச்சக்கர வண்டி பிடித்துக்கொண்டார்கள். நான் தனியாகத்தான் ஸ்கூட்டரில் வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி அழுதேன்.

அந்த வீட்டுக்காரர் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து கொடுக்க இரண்டு கிழமை ஆனது. படகைச் சங்கத்து ஆட்கள் சேர்ந்து ஒட்டிக் கொடுத்தார்கள். தோள் சுகமாக அவருக்கு இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதத்துக்கும் தவணை வேண்டாம், தை மாதத்துக்குப் பிறகு தொடங்கலாம் என்று நானே எழுதி அனுமதி வாங்கினேன். பிறகு ஒரு மாதமும் தவறாமல் அவரே வந்து கட்டினார். அடுத்த கார்த்திகைக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிப் பற்றுச்சீட்டைக் கொடுத்தபோது, "அப்ப இனி ஒண்டும் இல்லைத்தானே?" என்று இரண்டு தரம் கேட்டார். இல்லை என்று இரண்டு தரமும் சொன்னேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் என்னால் அடுத்த ஆளைக் கூப்பிட முடியவில்லை. அந்த அம்மா ஒரு நாளும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

அந்தச் சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் ஒரு கடிதமாக எழுதி என் மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். தவணை வழி இருப்பதைச் சொல்லாமல் விட்டது, இஞ்சினை எழுதுவேன் என்று வெருட்டியது, எல்லாம் எழுதியிருந்தேன். தண்டனை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் வாசித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

"தொழில் சாமானை நாங்கள் எழுதுறதில்லை. அது உமக்குத் தெரியாதாக்கும். எண்டாலும் எழுதேல்லைத்தானே? அறிவித்தல் முறையாத்தான் குடுத்திருக்கிறீர். தவணையைக் கேட்டு வாற ஆக்களுக்குத்தான் குடுக்கிறது, நீர் வலியப் போய்ச் சொல்லோணும் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை. உம்மிலை ஒரு பிழையும் இல்லை. உதைக் கொண்டுபோய்க் கிழிச்சுப் போடும்."

அவர் நல்ல மனுஷன். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். நான் அதைக் கிழிக்கவில்லை, அலுமாரிக்குள் இருக்கிறது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், அறிவித்தலை நீட்டுவதற்கு முன் கதிரையில் இருந்து, தவணை என்று ஒன்று இருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். என் பெயர் மறுபடியும் பட்டியலின் கீழே போய்விட்டது. நிரந்தர நியமனம் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் தாமதித்தே வந்தது.

அன்றைக்கு அந்த மனுஷன் கரை சேராமல் போயிருந்தாலும், என் கோப்பில் ஒரு பிழையும் இல்லை என்று எல்லோரும் கையெழுத்து வைத்துத் தந்திருப்பார்கள். காற்றையும் கடலையும் விட எனக்கு இன்றைக்கும் பயமாக இருப்பது அதுதான்.